சூடேறாத வண்டி

கொல்லிமலையில் மார்கழி மாதத்து விடியல் மெல்ல வரும். ஞாயிறு எழுந்த பின்னரும் நெடுநேரம் மூடுபனி முகடுகளை விட்டு அகலாது. மிளகுக்கொடி படர்ந்த மரங்களினின்று பனித்துளிகள் மழைபோலச் சொட்டிக்கொண்டிருக்கும். அவ்வேளையில் என் வீட்டு முற்றத்தில் முதியவர் ஒருவர் இருமும் ஓசை கேட்கும். அம்முதியவர் வேறு யாரும் அல்லர். என்னுடைய பழைய அம்பாசிடர் கார்தான்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முதுபுலவர் ஒருவரிடம் நன்னூலையும் காரிகையையும் முறையாகப் பாடங்கேட்டவன். எந்திரங்களைப் பற்றி ஏதும் கற்றவன் அல்லன். பணிக்காலத்தில் ஒருவர் விற்க முன்வந்த அந்த வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1980களில் செய்யப்பெற்ற வண்டி அது. அங்கே 2014ஆம் ஆண்டில் அம்பாசிடர் கார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஆயினும் என் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சமவெளியில் இருந்தவரை நானே ஓட்டினேன். கண்ணில் புரை நீக்கிய பிறகு மலைப்பாதையில் ஓட்டும் துணிவு எனக்கு இல்லாமற் போயிற்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஆகவே ஆனி மாதத்தில் கொல்லிமலைக்குக் குடிவந்தபோது, அம்மலையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவனை ஓட்டுநனாக அமர்த்திக்கொண்டேன். சொல் குறைவு, கை நிதானம். வளைவுதோறும் ஒலியெழுப்பி, மேலேறி வரும் வண்டிக்கு வழிவிட்டு, அவன் ஓட்டும் முறையே ஓர் ஒழுக்கமாக இருக்கும்.

எனக்குக் கணக்கெழுதும் வழக்கம் உண்டு. பால் முதல் பெட்ரோல் வரை எல்லாம் ஒரு கோடிட்ட ஏட்டில் ஏறும். சமவெளியில் இருந்தபோது 300 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் செலவாகும். மலைக்கு வந்த பின் அது 33, 34 என ஆயிற்று. ஏற்றத்தில் எந்திரம் மிகுதியாக உழைக்க வேண்டியிருப்பதால் அஃது இயல்பே என்று கொண்டேன். கார்த்திகை பிறந்தது, குளிர் மிகுந்தது. அம்மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். அதே 300 கிலோமீட்டருக்கு 42 லிட்டர் செலவாகியிருந்தது. ஏட்டின் ஓரத்தில், "எட்டு லிட்டர் எங்கே?" என்று சிவப்பு மையால் எழுதினேன்.

அந்தச் சிவப்பு எழுத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நாணமாக இருக்கிறது.

அந்நாட்களில் இளைஞன் என்னிடம் இரண்டு செய்திகளைச் சொல்லியிருந்தான். "ஐயா, சோக்கை உள்ளே தள்ளினால் வண்டி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஓடினாலும் அதை இழுத்தே வைத்திருக்க வேண்டியிருக்கிறது" என்பது ஒன்று. "ஏறும்போது சூட்டு முள் கொஞ்சம் எழும்புகிறது, இறங்கும்போது அடியில் விழுந்துவிடுகிறது" என்பது மற்றொன்று. நான் செவி கொடுக்கவில்லை. பெட்ரோல் குறைவதற்கு அவன் முன்கூட்டியே காரணம் தேடி வைக்கிறான் என்றே நினைத்தேன். ஒருநாள் மாலை ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, "தம்பி, பெட்ரோல் எங்கே போகிறது?" என்று கேட்டேன். வினாவின் சொற்களில் குற்றம் இல்லை. கேட்ட குரலில் இருந்தது. அவன் சிறிது நேரம் என்னை நோக்கினான். பிறகு வண்டிச் சாவியைத் திண்ணையில் வைத்தான். "வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று சொல்லி மூடுபனியில் நடந்து மறைந்தான்.

அறிவு பெறும் வாயில்களை நம் முன்னோர் அளவைகள் என்றனர். மணிமேகலையில் பத்து அளவைகள் கூறப்படுகின்றன. அவற்றுள் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் தலையாயவை. மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு என உய்த்துணர்வது கருதல். நான் பல்லாண்டுகள் வகுப்பில் சொல்லிவந்த எடுத்துக்காட்டு இது. மூடுபனியைப் புகையென்று மயங்கினால் இல்லாத நெருப்பைத் தேட நேரும் என்பதையும் சொல்லியிருக்கிறேன். கொல்லிமலையின் மூடுபனிக்கு நடுவே வாழ்ந்துகொண்டு அந்தப் பிழையையே நானும் செய்தேன்.

மறுவாரம் கீழேயிருந்து பழுது பார்ப்பவர் ஒருவரை வரவழைத்தேன். அவர் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். அதன் உட்புறத்தில் கடைந்த வெண்ணெய் போன்ற வெளிறிய குழம்பு படிந்திருந்தது. "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது, எந்திரத்தைப் பிரிக்க வேண்டும்" என்றார். அவர் சொன்ன தொகை என் இரண்டு மாத ஓய்வூதியத்திற்குச் சற்றே குறைவு. பிளக்குகளையும் கழற்றிக் காட்டினார். அவை அடுப்புக் கரி போலக் கறுத்திருந்தன.

அவர் சென்றபின் முதன்முறையாக எனக்கு ஓர் ஐயம் பிறந்தது. அந்த வெண்குழம்பை யாரும் திருடிக் கொண்டுபோகவும் முடியாது, கொண்டுவந்து வைக்கவும் முடியாது. பெட்ரோல் குறைவும், சோக்கை இழுத்து வைப்பதும், முள் விழுவதும், பிளக் கறுப்பதும், இக்குழம்பும் ஒன்றோடொன்று உறவுடையவையாக இருக்கலாம் அல்லவா? இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் உருட்டி, இறுதியில் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். உயிரிழந்து கிடந்த ஐந்து விலங்குகளைத் தனித்தனியே கண்டவன் ஐந்து வேடர்களைத் தேடுவான். அம்பு சென்ற நேர்கோட்டைக் கண்டவனுக்கே ஒருவன் எய்தது புலப்படும்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். நாமக்கல் லாரிகளுக்கும், அவற்றிற்குக் கூடு கட்டும் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர் என்பது நீங்கள் அறிந்ததே. அவர் பள்ளியில் புணர்ச்சி விதிகளோடு இறுதிவரை பகை கொண்டிருந்தவர். தொலைபேசியில் நான் சொன்னவற்றையெல்லாம் கேட்டபின் அவர் என்னை வினவினார்.

"ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா ஐயா?"

"இல்லை. ஒரு மாதமாக ஒரே அளவில் நிற்கிறது."

"எண்ணெய் பார்க்கும் கம்பியில் அந்த வெள்ளைக் குழம்பு இருக்கிறதா?"

"கம்பியில் இல்லை, மூடியில் மட்டுமே."

"அப்படியானால் கேஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது. எந்திரம் சூடேறவில்லை. உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறதா ஐயா?"

அப்படி ஒரு பொருள் உலகில் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அன்று அவர் ஆசிரியர், நான் மாணவன். அவர் சொன்னவற்றையும், பின்னர் நானே படித்தறிந்தவற்றையும் இங்கே சேர்த்துக் கூறுகிறேன்.

எந்திரத்திற்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழக் கால் பங்கே வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பெரும்பகுதி எந்திரத்தைச் சுற்றியோடும் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரை ஆற்றுவது ரேடியேட்டரின் வேலை. வெப்பம் மிகுந்தால் எந்திரம் கெடும் என்பதை எல்லோரும் அறிவர். வெப்பம் குறைந்தாலும் அது கெடும் என்பதைப் பலர் அறியார். குளிர்ந்த உருளைக்குள் செல்லும் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. சோறு வேகாத உலையில் மேலும் மேலும் விறகைத் திணிப்பது போல, சோக்கை இழுத்துப் பெட்ரோலை மிகுதியாகச் செலுத்த வேண்டியிருக்கிறது. எரியாத பகுதி கரியாகிப் பிளக்கில் படிகிறது. உருளையின் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடுகிறது.

எனக்கு மிகுந்த வியப்பளித்த செய்தி வேறொன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறதாம்! பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடுவதால் அது பிறக்கிறது. நீராவியாகப் பிறக்கும் அதிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறிதளவு எந்திரத்தின் உள்ளே கசியும். எந்திரம் சூடாக இருந்தால் அதுவும் ஆவியாகவே வெளியேறும். குளிர்ந்திருந்தாலோ, உலைமூடியில் நீர் முத்துவதுபோல எண்ணெய் மூடியில் படிந்து, எண்ணெயோடு கலந்து வெண்குழம்பாகும். என் வண்டியின் மூடியில் இருந்தது ரேடியேட்டர்த் தண்ணீர் அன்று. பெட்ரோல் எரிந்து பிறந்த தண்ணீரே.

இனித் தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். அது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கதவு. எந்திரத்திலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் செல்லும் வாயிலில் அது காவல் நிற்கிறது. அதன் வயிற்றில் ஒருவகை மெழுகு இருக்கிறது. தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். எந்திரத்துக்குள்ளேயே சுழலும் சிறிதளவு தண்ணீர் விரைவில் சூடேறும். வெப்பம் 82 பாகை அளவை எட்டியதும் மெழுகு உருகி விரிந்து ஓர் ஊசியைத் தள்ள, கதவு திறக்கிறது. பிறகே தண்ணீர் ரேடியேட்டருக்குச் செல்கிறது. இத்தகைய மெழுகுக் கருவியை 1930களில் அமெரிக்காவில் உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர். மின்சாரம் வேண்டா, ஆள் வேண்டா. மெழுகு இளகும் இயல்பே காவற்காரனாக நின்று வேலை செய்கிறது.

மாணவர் எனக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். இரவெல்லாம் குளிர்ந்து நின்ற வண்டியை விடியலில் இயக்கி, எந்திரத்திலிருந்து ரேடியேட்டரின் தலைக்குச் செல்லும் தடித்த ரப்பர்க் குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கதவு செம்மையாக இருந்தால் அக்குழாய் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருக்கும். கதவு திறந்தவுடன் சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாக வெதுவெதுப்பு ஏறினால், கதவு திறந்தே கிடக்கிறது என்று பொருள். "துண்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் ஐயா; விசிறி இழுத்துவிடும்" என்று அவர் எச்சரித்தார். சூடான ரேடியேட்டரின் மூடியை மறந்தும் திறத்தல் கூடாது என்றும் சொன்னார். உள்ளே அடங்கியிருக்கும் கொதிநீர் முகத்தில் பாய்ந்துவிடுமாம்.

மறுநாள் விடியலில் மேல்துண்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, நெஞ்சு படபடக்க வண்டியை முடுக்கினேன். ஒரு கையில் கடிகாரம். மறு கை குழாயின்மேல். நாடி பார்க்கும் மருத்துவர் போல நின்ற என்னைக் கண்டு பால்காரர் சிரித்துக்கொண்டே போனார். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. குழாயில் இளஞ்சூடு பரவத் தொடங்கியது. பத்து நிமிடத்திலும் அது இளஞ்சூடாகவே இருந்தது. அடுத்து, தடித்த அட்டை ஒன்றை ரேடியேட்டரின் முன்னே பாதியளவு மறையும்படி வைத்தேன். மலைச்சாலைகளிற் குளிர்காலத்தில் லாரிக்காரர்கள் கோணிச்சாக்கைக் கட்டி ஓட்டுவதைக் கண்டிருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. சிறிது நேரத்தில் முள் எழுந்து பாதியை அடைந்தது. சோக்கை முழுவதும் உள்ளே தள்ளினேன். எந்திரம் நிற்கவில்லை, இருமவும் இல்லை, ஆற்றொழுக்குப் போல ஒரே சீராக ஓடிற்று.

இளைஞன் முன்பு சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. முள்ளே பழுதாக இருந்தால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒன்றுபோலவே கிடக்கும். ஏறும்போது எந்திரம் மிகுதியாக உழைக்கிறது, வெப்பம் பிறக்கிறது, முள் எழுகிறது. இறங்கும்போது இரண்டாம் கியரில் வண்டியே எந்திரத்தைச் சுழற்றுகிறது, எரிவது சிறிதளவே, திறந்த கதவு வழியே அச்சிறு வெப்பத்தையும் ரேடியேட்டர் ஆற்றிவிடுகிறது, முள் விழுகிறது. நோய் முழுவதையும் அவன் ஒரே தொடரில் என்னிடம் சொல்லிவிட்டான். கண்டவன் அவன், உரைத்தவனும் அவன். காண்டலையும் உரையையும் தள்ளிவிட்டுக் கருதலை மட்டும் பிடித்துக்கொண்டவன் நான்.

அத்துடன் முடியவில்லை. கதவு ஏன் திறந்து கிடக்கிறது என்று எண்ணியபோது ஏதோ மங்கலாக நினைவில் அசைந்தது. கணக்கேட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். சித்திரை மாதத்துப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: "வண்டி கொதித்தது. வால்வு ஒன்றைக் கழற்றிய கூலி." கோடை வெயிலில் வண்டி நடுவழியில் கொதித்து நின்றபோது, "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று கூறி ஒருவர் அதைக் கழற்றிப் போட்டார். நானும் மகிழ்ந்து பணம் கொடுத்தேன். சமவெளியின் வெப்பத்தில் அதன் குறை தெரியவில்லை. மலையின் குளிரில் தெரிந்துவிட்டது. சித்திரைப் பக்கத்தில் நானே எழுதிய வரியை மறந்துவிட்டு, கார்த்திகைப் பக்கத்தில் பிறன்மேல் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

அன்று முற்பகலே அவனைத் தேடிப் புறப்பட்டேன். அவன் வீடு இரண்டு கல் தொலைவில், அன்னாசித் தோட்டத்தைக் கடந்து ஒரு சரிவில் இருக்கிறது. வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டே நடந்தேன். எத்தனையோ மேடைகளில் பேசிய எனக்கு அன்று ஒரு வாக்கியமும் அமையவில்லை. வாசலில் அவனுடைய தாயார் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்து எழுந்து, "வாங்க ஐயா" என்றார். அவருடைய மகனைக் கள்வன் என்று ஐயுற்ற என்னை அவர் இருக்கச் சொல்லி, நீர் கொடுத்தார். அவருக்குச் செய்தி தெரியுமோ தெரியாதோ, நான் அறியேன்.

அவன் தோட்டத்திலிருந்து வந்தான். கோத்து வைத்த சொற்களெல்லாம் உதிர்ந்துபோயின. "தம்பி, பெட்ரோலை நான்தான் வீணாக்கியிருக்கிறேன். உன்னைக் கேட்டது என் பிழை. பொறுத்துக்கொள்" என்றேன். கையிலிருந்த ஏட்டை விரித்துச் சித்திரைப் பக்கத்தைக் காட்டினேன். அவன் அதை மெல்லப் படித்தான். அடுத்துக் கார்த்திகைப் பக்கத்தையும் புரட்டிப் படித்தான். நான் அதைக் காட்ட எண்ணியிருக்கவில்லை. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. தாயார் முறத்தைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"வண்டியைப் பார்க்கலாம் வாங்க ஐயா" என்றான் அவன்.

எந்திரத்தின் முன்தலையிலுள்ள சிறு மூடியை அவன் கழற்றினான். உள்ளே இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நாமக்கல் மாணவர் புதிய தெர்மோஸ்டாட் ஒன்றைப் பேருந்தில் கொடுத்தனுப்பினார். விலை சில நூறு ரூபாய்தான். பொருத்துமுன் அதைச் சோதித்தோம். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கருவியை நூலிற் கட்டித் தொங்கவிட்டு, அருகே ஒரு வெப்பமானியையும் தொங்கவிட்டோம். எங்கள் மலை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 100 பாகையில் அன்று, 96 பாகையளவிலேயே கொதித்துவிடும். எனினும் 82க்கு அது போதுமே! எழுபது ஆயிற்று; எழுபத்தைந்து ஆயிற்று; கதவு அசையவில்லை. எண்பதைக் கடந்தபோது, அரும்பு அவிழ்வதுபோல் மெல்ல விலகிற்று. "திறக்குது ஐயா!" என்று அவன் கூவினான். இருவரும் குழந்தைகள்போல் மும்முறை அதைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஆறவைத்தும் மீண்டும் இட்டும் பார்த்தோம். என் மனைவி அடுப்பு வேண்டும் என்று சொல்லும்வரை எங்கள் ஆராய்ச்சி நடந்தது.

மறுநாள் நாமக்கல்லுக்குப் புறப்பட்டோம். செம்மேட்டைக் கடப்பதற்குள் முள் எழுந்து பாதியில் நின்றது. அவன் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. சோளக்காட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பதாவது வளைவில் பார்த்தேன். முள் அங்கேயே இருந்தது. காரவள்ளியில் கடைசி வளைவு கழிந்து சமநிலம் வந்தபோதும் மயிரிழையளவுதான் இறங்கியிருந்தது. அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, எண்ணெய் மூடியைத் திறந்து, உட்புறத்தைக் கந்தலால் துடைத்துவிட்டு மீண்டும் மூடினான். தேநீர் பருகினோம். அன்று பணம் கொடுக்க அவன் என்னை விடவில்லை.

கணக்கேட்டில் அந்தச் சிவப்பு வரியை நான் அடித்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் வண்டிக் கணக்கை நீயே எழுது என்று ஏட்டை அவனிடம் கொடுத்தேன். தை மாத இறுதியில் அவன் எழுதியிருந்தான்: 300 கிலோமீட்டர், 33 லிட்டர். "கிலோமீட்டர்" என்பதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. நான் அதைத் திருத்தவில்லை.